டீ முடியட்டும்

அந்த ஓட்டலின் பெருமையே அந்தக் கதவுதான். கதவைத் திறந்து பூட்ஸை மாட்டிப் பனிச்சறுக்குக் கட்டையில் காலை வைத்தால் நேராக மலைச்சரிவு. நடக்க வேண்டாம், வண்டி பிடிக்க வேண்டாம். சாயங்காலம் மேலேயிருந்து சறுக்கிக்கொண்டே வந்து அறைக்குள் விழலாம். வாடகையே அதற்குத்தான்.

சைக்கலின் மாமியார் ஜுமாகுல் அந்தக் கதவைப் பார்த்ததும், "நல்லதாப் போச்சு, கறி கெடாது" என்றாள். சறுக்குக் கட்டைகளை மாட்டுவதற்கென்று வெளிச்சுவரில் அடித்திருந்த கொக்கியில், தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கட்டிக்கொண்டு வந்த குதிரைக் கறிப் பையை மாட்டினாள். அப்புறம் சோபாக்களைச் சுவரோரமாகத் தள்ளச் சொன்னாள். தரையில் மெத்தை விரித்து, நடுவே துணி விரித்து, வெந்நீர் கொதிக்கிற சமோவாரின் பிளக்கைச் சொருகினாள். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது சொந்தபந்தம் இல்லாதவர்கள் செய்கிற வேலை. அறைக்குள் சமோவார் கூடாது என்று சொல்ல வந்த வரவேற்புப் பெண், பை நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளோடு திரும்பிப் போனாள்.

ஜுமாகுலின் மகளை வசந்தத்தில் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் தாய் அனிபாவையும் அவளுடைய ஓரகத்திகள் இருவரையும் இரண்டு நாள் உபசரிக்கத்தான் இந்த ஏற்பாடு. வந்தவர்களில் ஒருத்திகூட வாழ்நாளில் சறுக்குக் கட்டையில் கால் வைத்ததில்லை. அதனால் என்ன? சம்பந்தி வீட்டாரைச் சாதாரண இடத்தில் வைத்து டீ கொடுத்தார்கள் என்று நாளைக்கு ஒரு வாய் பேசிவிடக் கூடாது.

வந்திருந்தவர்களில் அந்த மலையிலேயே சறுக்கி வளர்ந்தவள் சைக்கல் ஒருத்திதான். கீழே கரகோல் ஊரில் பிறந்தவள். அவள் அப்பா இங்கேதான், மலை உச்சிக்குப் போகிற பழைய நாற்காலி லிஃப்டில் ஆட்களை ஏற்றிவிடும் வேலை பார்த்தார். இப்போது சோபாவைத் தள்ளிவைத்திருக்கிற இந்த இடத்தில் முன்பு பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள், சறுக்கி வந்து நிற்கத் தெரியாதவர்கள் மோதிக்கொள்வதற்காக. சின்ன வயதில் சைக்கல் அதில் மோதாத நாளில்லை. பிறகு மாகாணத்துக்காகப் போட்டிகளில் சறுக்கினாள். பிஷ்கெக்கில் விளையாட்டுக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கினாள். அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

படித்த பெண்தான் வேண்டும் என்று தேடித்தான் ஜுமாகுல் அவளை எடுத்தாள். எடுத்த பிறகு அந்தப் படிப்பு மாமியாரின் பேச்சில் மட்டும்தான் இருந்தது. "எங்க மருமக உயர்படிப்பு" என்பாள். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் "டீச்சர்" என்று வெட்டிவிடுவாள். லிஃப்டில் ஆள் ஏற்றிவிட்ட அப்பா, இவள் வாயில் "லிஃப்ட் என்ஜினியர்" ஆகியிருந்தார். கல்யாணமாகிப் பத்து மாதம். பக்கத்துப் பள்ளியில் வேலை இருக்கிறது என்று சைக்கல் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான்: "வீட்டுல யாரு டீ ஊத்துறது?"

வந்த அன்று சாயங்காலம், கணவன் எர்மெக்கின் ஈரமான பூட்ஸை உலர்த்தக் கீழே பூட்ஸ் அறைக்கு எடுத்துப்போனாள். சுடுதண்ணீர்க் குழாய்கள்மேல் பூட்ஸுகளைக் கவிழ்த்து வைக்கிற அறை. வியர்வை நாற்றம், ரப்பர் நாற்றம். அவள் ஆழமாக மூச்சை இழுத்தாள். அது பிடித்தமான நாற்றம்.

"ஏய், லிஃப்ட்காரர் மகளே!"

திரும்பினால் வாலியா. சறுக்குப் பள்ளியை நடத்துகிற ரஷ்யக்காரி. வெயிலிலும் பனியிலும் வெந்து முகம் செங்கல் மாதிரி ஆகியிருந்தது.

"தலையில முக்காடு, கையில ஆம்பளப் பூட்ஸு. நல்லா இருக்கடி உன் கோலம்."

"கல்யாணம் ஆயிடுச்சு அக்கா."

"தெரியுது. காலு நல்லாத்தானே இருக்கு? என்கிட்ட இருந்த பயலுங்க நாலு பேரு ஜார்ஜியாவுக்கு ஓடிட்டானுங்க. நாளைக்கு மூணு மணிக்கு, சறுக்கச் சொல்லித்தர ஆள் எடுக்கறேன். வர்றியா?"

"வர்றேன்."

"எல்லாரும் வர்றேம்பாங்க. மூணுக்கு, சிவப்புக் கம்பு நட்ட சரிவு உச்சியில நிக்கணும். நாலுக்கு லிஃப்டை நிப்பாட்டிடுவாங்க. அதோட இந்த வருஷத்துக்கு ஆள் எடுக்கறது முடிஞ்சுது."

"தங்க எடம் இருக்கா?"

வாலியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பயிற்சிக்காரங்க வீட்டுல ஒரு கட்டில் காலி. ஆடும். பரவாயில்லையா?"

"ஆடட்டும்" என்றாள் சைக்கல்.

அப்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். தம்பி அவளுடைய பழைய கட்டைகளையும் பூட்ஸையும் கொண்டுவந்து வெளிச்சுவரோரம் வைத்துவிட்டுப் போனான். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. "அந்தப் பூட்ஸு வெளியவே கெடக்கட்டும். சம்பந்திங்க இருக்காங்க, நாத்தம் வரும்" என்றாள் மாமியார். எர்மெக்கின் வாடகைப் பூட்ஸ் சூட்டில் குளிர்காய்ந்தது. சைக்கலின் பூட்ஸ் கறிப் பைக்கடியில் விறைத்துக்கொண்டிருந்தது.

காலையில் எர்மெக் பூட்ஸ் கொக்கிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள். பெரியவர்கள் முன்னால் அவனை 'நீங்க' என்பாள். தனியாக இருந்தால் 'நீ'தான்.

"நீ சறுக்குறதை யாரு வேணாம்னா?" என்றான் அவன். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

"சும்மா சறுக்கப் போறேன்னு சொல்லட்டுமா, வேலைக்குன்னு சொல்லட்டுமா?"

"எதையோ சொல்லு. என்னை நடுவுல இழுக்காத. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"எனக்கு எப்ப லீவு?"

அவன் காதில் விழவில்லை. விழாதபடி கொக்கியை 'டக்'கென்று மூடினான்.

மாமியாரிடம் சம்பந்திகள் இருக்கும்போதே கேட்டாள். வேண்டுமென்றேதான். நாலு பேர் முன்னால் ஜுமாகுலுக்கு மனசு தாராளமாகிவிடும்.

"அத்தே, மூணு மணிக்கு எனக்கு ஒரு தேர்வு இருக்கு. சறுக்குப் பள்ளியில. போயிட்டு வந்துடறேன்."

"தேர்வா? எங்க?"

"இங்கதான். கதவுக்கு வெளிய."

ஜுமாகுல் கறியை வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடி நின்றது. அனிபா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ முடியட்டும்" என்றாள். "முடிஞ்சதும் தாராளமாப் போ. நான் என்ன ஜெயில்லயா வெச்சிருக்கேன்?"

"பாரு, என்ன மாமியார்!" என்றாள் அனிபா. "குடுத்து வெச்சவடி நீ."

சைக்கல் நம்பினாள். அது அவள் தப்பு. டீயைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீ ஆரம்பித்தது. கௌரவமான இடம் கதவுக்கு எதிரே, உள்சுவரோரம். அங்கே அனிபா, மலைபோல, இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபுறமும் ஓரகத்திகள், அப்புறம் ஜுமாகுல். மருமகளின் இடம் எப்போதும் கதவோரம், சமோவாருக்குப் பக்கத்தில். எழுந்து ஓட வசதியாக. சைக்கலின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் அந்தப் பெருமைக்குரிய கதவு. பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். கண்ணாடியில் மொத்தச் சரிவும் தெரிந்தது.

கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் ஊற்ற வேண்டும். எவ்வளவு குறைவாக ஊற்றுகிறாளோ அவ்வளவு மரியாதை. இன்னும் இருங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால் இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அப்படி நிரப்பிக் கொடுத்த மருமகளைப் பற்றி ஏழு ஊரில் பேசுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூட வேண்டும். ஆனால் யார் முதலில் மூடுவது? விருந்தாளி சீக்கிரம் மூடினால் உபசாரம் பிடிக்கவில்லை என்றாகிவிடும். வீட்டுக்காரி மூடினால் விருந்தாளியை எழுப்புகிற மாதிரி. அதனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தார்கள். கிண்ணம் வந்தது, போனது, வந்தது. தேயிலைச் சாயம், வெந்நீர், பால், இரண்டு கையாலும் நீட்டல். திரும்பவும் சாயம்.

"கையைப் பாரு, ஒரு சொட்டு சிந்தல" என்றாள் அனிபா. "எங்க வீட்டுக்கு வரப்போறவளும் இப்படித்தான ஊத்துவா?"

"இவளைப் பாத்துத்தான வளந்திருக்கா" என்றாள் ஜுமாகுல்.

பத்து மாதத்தில் வளர்ந்துவிட்டாளாம்.

கண்ணாடிக்கு வெளியே எர்மெக் வந்தான். கைகளை அகட்டிக்கொண்டு, தண்ணீர்க் குடம் தூக்குகிறவன் மாதிரி. உள்ளே பார்த்துக் கையை ஆட்டப்போய்த் தொப்பென்று உட்கார்ந்தான்.

"ஐயோ, எம்புள்ள!" என்றாள் ஜுமாகுல்.

"விழுந்தாலும் அழகாத்தான் விழறான்" என்றாள் ஓரகத்திகளில் ஒருத்தி. மூவரும் குலுங்கிச் சிரித்தார்கள். சைக்கலும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? எடை முழுக்கப் பின்னால் இருந்தது அவனுக்கு. ஒரு வார்த்தை சொன்னால் சரிசெய்துவிடலாம். அவன் கேட்டதில்லை.

"என்னம்மா, நீ வெளியவே பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள் அனிபா.

"தேர்வு இருக்குங்க."

"டீச்சர் தேர்வு" என்றாள் ஜுமாகுல் அவசரமாக.

"யாருக்குச் சொல்லித்தர?"

"சறுக்கக் கத்துக்க வர்றவங்களுக்கு."

"கீழ விழறதுக்கு ஒரு டீச்சரா? அது எனக்குத் தானாவே வருமே!"

மறுபடி சிரிப்பு. கிண்ணங்கள் வந்தன. அனிபா ஆரம்பித்தாள்: அவர்கள் தெருவில் ஒரு மருமகள், எட்டு மணிவரை தூங்குகிறாள், மாமியார் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள், கலிகாலம். அந்தக் கதைக்குள்ளே இன்னொரு கதை. அந்த மருமகளின் அக்கா கதை.

வெளியே, சிவப்புச் சட்டை போட்ட வாலியா நான்கைந்து இளசுகளைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறுவது தெரிந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக மேகத்துக்குள் போயின. டீ இன்னும் இரண்டு சுற்று போனபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருந்தது.

"அத்தே" என்றாள் சைக்கல். "டீ முடிஞ்சதும் போன்னு சொன்னீங்க."

ஜுமாகுல் அவள் பக்கம் திரும்பவில்லை. புன்னகை மாறாமல் கிண்ணத்தை மட்டும் நீட்டினாள்.

"இன்னும் முடியலையேம்மா."

அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. இந்த டீ முடியாது, நாளைக்கும் முடியாது, பிஷ்கெக்கிலும் முடியாது என்பது அவளுக்கு அவ்வளவு சாதாரணமாகத் தெரிந்திருந்தது.

சைக்கல் கிண்ணத்தை வாங்கினாள். முதலில் அனிபாவுக்கு ஊற்றினாள், பாதிக்கும் கீழே, எப்போதும்போல. ஓரகத்திகளுக்கும் அதே மாதிரி. அவர்கள்மேல் அவளுக்கு எந்தச் சண்டையும் இல்லை. அப்புறம் மாமியாரின் கிண்ணத்தில் சாயத்தை ஊற்றினாள். பாலை ஊற்றினாள். சமோவாரின் குழாயைத் திறந்து, பாதியில் மூடாமல், பார்த்துக்கொண்டே இருந்தாள். முக்கால். விளிம்பு. விளிம்புக்கு மேலே லேசாகக் குவிந்து நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டு கையாலும் தூக்கி மாமியார் முன் வைத்தாள்.

அனிபாவின் கதை அறுந்தது.

சமோவார் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. ஜுமாகுல் கிண்ணத்தையே பார்த்தாள். அதைத் தூக்கவும் முடியாது, தூக்கினால் சிந்தும். தூக்காமல் விட்டால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காதுமடலிலிருந்து கழுத்துவரை சிவந்துபோனாள்.

"என்ன இது?" என்றாள், குரலே வெளியே வராமல்.

"டீங்க அத்தே."

அனிபா ஒருத்தி முகத்திலிருந்து இன்னொருத்தி முகத்துக்குக் கண்ணை ஓட்டினாள். பிறகு தன் உள்ளங்கையைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். பயத்திலோ, வம்பு வேண்டாம் என்றோ, வயிறு நிறைந்து ஒரு மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்ததாலோ, யாருக்குத் தெரியும்.

"எனக்குப் போதும்" என்றாள்.

ஓரகத்திகளின் கைகளும் டக் டக்கென்று மூடின.

"டீ முடிஞ்சிடுச்சு அத்தே" என்றாள் சைக்கல்.

எழுந்தாள். பெரியவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது. கதவு பின்னாலேயே இருந்ததால் அந்த மரியாதையும் கெடவில்லை. பின்பக்கமாகவே கைப்பிடியைத் துழாவித் திறந்து வெளியே இறங்கினாள்.

பூட்ஸ் கல்லாக விறைத்திருந்தது. காலை உள்ளே திணித்தபோது கணுக்காலில் தோல் பிய்ந்த மாதிரி எரிந்தது. முக்காட்டுத் துணியை அவிழ்த்துக் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள், காற்றுக்கு. கட்டைகளை எடுக்கக் கறிப் பை இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றிப் பனியில் வைத்தாள்.

எர்மெக் அப்போதுதான் நொண்டிக்கொண்டு வந்தான். "எங்க கெளம்பிட்ட?"

"தேர்வுக்கு."

"அம்மா?"

"டீ குடிக்கறாங்க."

லிஃப்டில் உட்கார்ந்த பிறகுதான் பூட்ஸ் கொக்கிகளை இறுக்கினாள். உச்சியில் வாலியா மட்டும் நின்றிருந்தாள். மற்றவர்கள் கீழே புள்ளிகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"லிஃப்டை நிப்பாட்டப் போறானுங்க."

"டீ முடிய லேட்டாயிடுச்சு அக்கா."

வாலியா பத்து வருஷமாக அந்த நாட்டுக்காரர்கள் நடுவில் இருக்கிறவள்தானே. வேறொன்றும் கேட்கவில்லை. "போ. லிஃப்டோட நடுக்கம்பம் வரைக்கும். சின்னச் சின்னத் திருப்பம்."

சைக்கல் போனாள். கணுக்கால் எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பத்து மாதமும் கால் வழியாக இறங்கிற்று. கம்பத்தைத் தாண்டித்தான் நின்றாள். அவ்வளவு வேகத்தில் அவள் போட்டிகளில்கூடப் போனதில்லை.

வாலியா மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள். "அழகுதான். ஆனா நான் எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"யாரையோ அடிக்கப் போற மாதிரி போற. உன் பின்னாடி ஆறு வயசுப் புள்ளைங்க எட்டு பேரு வருதுன்னு வெச்சுக்கோ. எத்தனை உயிரோட வந்திருக்கும்?"

சைக்கலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்கா அந்தக் கிண்ணத்தை நிரப்பினேன்? கீழே ஓட்டலின் கூரை தெரிந்தது. இங்கேயிருந்து சறுக்கினால் நேராக அந்தக் கதவு. வேறு வழியே இல்லாத மாதிரி சரிவை வெட்டி வைத்திருந்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

"லிஃப்ட் நின்னாச்சு."

"இங்கருந்து கீழவரைக்கும் பாதிச் சரிவு இருக்குல்ல? அதைப் பாருங்க."

வாலியா தோளைக் குலுக்கினாள்.

இந்த முறை சைக்கல் ஒவ்வொரு திருப்பத்தையும் அளந்து போட்டாள். கொஞ்சமாக. இன்னும் கொஞ்சமாக. திருப்பத்துக்குத் திருப்பம் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், இல்லாத பிள்ளைகள் வருகிறார்களா என்று. யாரும் விழவில்லை. எப்படி மெதுவாகச் செய்வது, ஒரு சொட்டும் சிந்தாமல் எப்படித் திரும்பத் திரும்ப அதையே செய்வது என்பதெல்லாம் அவள் கைக்கும் காலுக்கும் நன்றாகவே பழகியிருந்தது. அதை எங்கே பழகினாள் என்று நினைத்தபோது எரிச்சலாக இருந்தது. ஆனாலும் பயன்படுத்திக்கொண்டாள்.

சரிவு ஓட்டல் கதவுக்கு முன்னால் முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அனிபா மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"காலைல எட்டு மணி" என்றாள் வாலியா. "முதல் வாரம் சின்னப் புள்ளைங்கதான். மூக்கு ஒழுகும், துடைச்சுவிடணும். வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு." சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் போய்விட்டாள்.

சைக்கல் கட்டைகளைக் கழற்றிவிட்டுப் பூட்ஸோடேயே உள்ளே போனாள். தரையில் 'டங் டங்'கென்று சத்தம். துணி இன்னும் மடிக்கப்படவில்லை. மாமியாரின் கிண்ணம் அதே இடத்தில், அதே நிறைவில், மேலே பாலாடை கட்டி இருந்தது. ஜுமாகுலும் அதே இடத்தில்தான் இருந்தாள்.

"இவ விழவே இல்லையே!" என்றாள் அனிபா ஜன்னலோரத்திலிருந்து.

சைக்கல் அலமாரியிலிருந்து தன் பையை எடுத்தாள். பிஷ்கெக்கிலிருந்து வரும்போது கட்டியது. பிரித்து வைக்க அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

"ஏப்ரல் வரைக்கும் வேலை அத்தே. பக்கத்துல பயிற்சிக்காரங்க வீட்டுல தங்கறேன்."

எர்மெக் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாக நின்றான். "என்ன வெளையாடறியா? இப்ப எங்க போவ? இருட்டப் போகுது. உள்ள வந்து உக்காரு, பேசிக்கலாம்."

"சறுக்கிட்டே உள்ள வரலாம், சறுக்கிட்டே வெளிய போகலாம்னுதான இந்த ஓட்டலைப் புடிச்ச?" என்றாள் சைக்கல். பெரியவர்கள் முன்னால் 'நீ' என்று சொல்லிவிட்டது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. திருத்தவில்லை. "ஞாயித்துக்கெழமை எனக்கு லீவாம். வந்தா உனக்குச் சொல்லித்தரேன். எடையெல்லாம் பின்னாடி போட்டு நிக்கற. அதான் விழற."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள்.

சைக்கல் கதவைத் திறந்தாள். இந்த முறை முன்பக்கமாகவே போனாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள் ஜுமாகுல். "குளிருது."

சாத்தினாள். பையை முதுகில் மாட்டி, கட்டைகளில் கால் வைத்து, கோல்களை எடுக்கக் குனிந்தபோது கறிப் பை கண்ணில் பட்டது. பனியில் வைத்தது அப்படியே கிடந்தது. ஓட்டல் நாய் ஒன்று தூரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கறி என்ன தப்பு செய்தது? எடுத்துப் பனியைத் தட்டி, பழைய கொக்கியிலேயே மாட்டினாள். அப்புறம் கோலை ஊன்றித் தள்ளினாள்.